‘தூக்க மூலிகை’ என்று சொல்லி நிலம் கேட்கிறார்களா?

மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நம் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வெளியூர்க்காரர்கள் இருவர் வந்து நிலத்தை ஓராண்டு குத்தகைக்குக் கேட்கிறார்களாம். ஊர் வழக்கத்தைப்போல நான்கு மடங்கு பணம் தருகிறார்களாம். ‘இண்டிகா என்று ஒரு மூலிகை, உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் வெளிநாட்டில் மருந்தாகக் கொடுக்கிறார்கள். வாசனைப் பயிர்தான், சட்டச் சிக்கல் எதுவும் இல்லை’ என்று சொன்னார்களாம். கைப்பேசியில் படமும் காட்டியிருக்கிறார்கள். ‘இது கஞ்சாவா, வேறு செடியா? என் அம்மாவுக்கும் இரவில் தூக்கம் கிடையாது, அவருக்கு இது ஆகுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். முதல் கேள்விக்கான பதிலை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அது கஞ்சாதான். நிலத்தைக் கொடுக்காதீர்கள்.

‘இண்டிகா’ என்ற பெயரில் மயங்க ஒன்றுமில்லை. மா மரம் மாஞ்சிஃபெரா இண்டிகா, புளி டாமரிண்டஸ் இண்டிகா, வேம்பு அசாடிராக்டா இண்டிகா. நம் வயலில் நிற்கும் நெல்லும் இண்டிகா வகைதான். ‘இந்தியாவைச் சேர்ந்தது’ என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். கஞ்சாவுக்கு 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் கன்னாபிஸ் சட்டைவா. ‘சட்டைவா’ என்றால் பயிரிடப்படுவது. 1785-ல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க், சொன்னேரா என்ற பயணி இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடியைப் பார்த்து, ஐரோப்பாவில் நாருக்காக வளர்க்கும் செடியிலிருந்து இது வேறு என்று முடிவு செய்து, கன்னாபிஸ் இண்டிகா என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது ஒடுங்கிய இலை கொண்ட செடி. இன்று உலகச் சந்தையில் ‘இண்டிகா’ என்று விற்கப்படுவதோ வேறொன்று. ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைப் பகுதியிலிருந்து போன குட்டையான, அகல இலைச் செடி அது. 1970-களில் ஷூல்டஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஆப்கானிஸ்தானில் பார்த்த அந்தச் செடிகளை இண்டிகா என்று வகைப்படுத்தினார். அப்போதிலிருந்து அந்தப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ‘குஷ்’ என்று முடியும் ரகப் பெயர்கள் எல்லாம் அந்த மலையின் பெயரைச் சொல்லிப் பிழைப்பவைதான்.

இந்துகுஷ் செடி ஏன் அப்படி இருக்கிறது என்பது பயிர்த்தொழில் தெரிந்தவருக்கு எளிதில் புரியும். அங்கே கோடை குறுகியது, காற்று வறண்டது. பனி விழுவதற்குள் பூத்து முடிக்க வேண்டும். ஆகவே செடி இடுப்பளவில் நின்று, பக்கக் கிளை விட்டு, பூவை நெருக்கமாகக் கட்டுகிறது. அங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பிசின் அதிகம் உள்ள செடியையே விதைக்கு நிறுத்தினார்கள். காய்ந்த செடியைத் தட்டி, துணியில் சலித்து, அந்தப் பிசின் தூளைக் கட்டியாக்குவது அவர்கள் வழக்கம். நம் இமயமலைப் பக்கம்போல உள்ளங்கையில் தேய்த்து எடுப்பதில்லை. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2010-ல் வெளியிட்ட ஆய்வு அங்கே எக்டேருக்கு 145 கிலோ பிசின் கிடைப்பதாகச் சொன்னது. அதே அறிக்கையில் மொராக்கோவுக்குக் கொடுத்த கணக்கு சுமார் 40 கிலோதான்.

இப்போது வாசனைக்கு வருவோம். இந்தச் செடியின் மணத்தை ‘மண்வாசனை, மிளகு, எலுமிச்சை, பைன் மரம்’ என்றெல்லாம் விற்பவர்கள் வர்ணிப்பார்கள். வர்ணனை பொய்யில்லை. ஆனால் அதில் அபூர்வமாகவும் எதுவும் இல்லை. அந்த மணப்பொருள்கள் அத்தனையும் நம் தோட்டத்திலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கின்றன. மாங்காயைக் காம்போடு ஒடித்தால் வடியும் பாலில் குப்பென்று ஒரு நெடி வருமே, அதில் மிர்சீன் என்ற பொருள் உண்டு. ‘இண்டிகா’ ரகங்களில் அதிகம் பேசப்படுவது இந்த மிர்சீன்தான். மிளகிலும் கிராம்பிலும் இருப்பது கேரியோபிலின். கொத்தமல்லி விதையை வறுக்கும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அந்த எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். எலுமிச்சைத் தோலில் லிமோனின், டர்பன்டைனில் பைனின். இவை எல்லாவற்றுக்கும் டெர்பீன்கள் என்று பொதுப் பெயர். பூச்சியையும் மேயும் ஆட்டையும் விரட்ட செடி தனக்காகச் செய்துகொள்ளும் தற்காப்புச் சரக்கு இவை. கஞ்சாவுக்கே உரிய அந்த அழுகல் நெடி மட்டும் டெர்பீனால் வருவதில்லை. வெங்காயம், பூண்டைப்போல கந்தகம் கலந்த பொருள்கள் மிகச் சிறிய அளவில் இருந்து அதைக் கொடுக்கின்றன என்று 2021-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இவை சுரப்பது பெண் பூவைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். ஒவ்வொன்றின் தலையும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மணத்துக்கான டெர்பீனையும் போதைக்கான பொருளையும் செடி ஒரே மூலப்பொருளிலிருந்து, அதே சுரப்பிக்குள் தயாரிக்கிறது. ஒரே மாவில் ஒரு பக்கம் இட்லி, இன்னொரு பக்கம் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போதைப் பொருளுக்கு மணம் கிடையாது. ‘வாசனை தூக்கலாக இருந்தால் சரக்கு உயர்வு’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

பச்சைச் செடியில் இருப்பது டி.எச்.சி. அமிலம். அதற்கு மயக்கும் குணம் இல்லை. சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து டி.எச்.சி. ஆகிறது. 1964-ல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்து அமைப்பைக் கண்டார்கள். மூளையில் இந்தப் பொருள் போய் ஒட்டும் இடம் நம் உடம்பே சுரக்கும் வேறொரு பொருளுக்காக அமைந்தது என்பது பிறகு தெரிந்தது. 1992-ல் அந்தப் பொருளைக் கண்டபோது ‘ஆனந்தம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை எடுத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். இதே செடியில் சி.பி.டி. என்ற இன்னொரு பொருளும் உண்டு. அது போதை தராது.

சரி, ‘இண்டிகா என்றால் நிம்மதி, தூக்கம், சட்டைவா என்றால் உற்சாகம்’ என்கிறார்களே, அது உண்மையா? கனடா, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2021-ல் ஏறக்குறைய 300 மாதிரிகளின் மரபணுவையும் வேதிப்பொருள்களையும் சோதித்தார்கள். பெயர்ச்சீட்டுக்கும் செடியின் வம்சத்துக்கும் பெரிய தொடர்பே இல்லை. ‘இண்டிகா’ என்று சீட்டு ஒட்டியவற்றில் மிர்சீன் போன்ற சில மணப்பொருள்கள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முகர்ந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எலிகளுக்கு மிக அதிக அளவில் மிர்சீன் கொடுத்தபோது மந்தமாயின என்பது உண்மை. மனிதன் அந்தப் பூவிலிருந்து பெறும் சொற்ப அளவில் அது தூக்கம் தரும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. அப்படி இருந்தால் மாங்காய் மண்டியில் வேலை பார்ப்பவர்கள் பாதி நேரம் தூங்க வேண்டும்.

உடம்பைத் தளர்த்துவதும் கண்ணைச் செருக வைப்பதும் டி.எச்.சி.தான். அதோடு வாய் உலரும், கண் சிவக்கும், பசி எடுக்கும், நாடி வேகமாகும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சிலருக்கு நிம்மதிக்குப் பதில் காரணமில்லாத பயமும் சந்தேகமும் வரும். அளவு கூடக் கூட இது அதிகம். முதலில் சில நாள் சீக்கிரம் தூக்கம் வரும். பிறகு உடம்பு பழகி அதே அளவு போதாமல் போகும். நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், கெட்ட கனவுகள் வரும்.

அம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. வயதானவர் இரவில் எழுந்து தலை சுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இந்தப் பொருள்கள் அந்த மருந்தின் வேலையையும் மாற்றும். லேகியம், அல்வா என்று தின்பண்டமாகக் கொடுத்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. ‘வேலை செய்யவில்லையே’ என்று இன்னும் கொஞ்சம் கொடுத்துவிடுவார்கள், பிறகு இரண்டும் சேர்ந்து தாக்கும். தூக்கமின்மைக்குப் பின்னால் மூட்டுவலி இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், மனக்கவலை இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

மருந்தே இல்லையா என்றால், உண்டு. அரிய வகை வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு, சுத்திகரித்த சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018-ல் அனுமதித்தது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு, ஆலையில் தயாரித்த டி.எச்.சி. 1985 முதல் அங்கே உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகளிலும் உரிமம் பெற்றவர்கள் சுத்தி செய்து, அளவோடு சேர்க்கிறார்கள். இவை எல்லாம் மில்லிகிராம் கணக்கு. அமெரிக்காவில் பறிமுதலான சரக்கில் 1995-ல் சராசரி 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-ல் 12 சதவீதமாகியிருந்தது. நம் தாத்தா காலத்துச் சாமியார் குடித்ததும் இன்று கல்லூரி வாசலில் விற்பதும் ஒன்றல்ல. வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளரும் மூளையில் இதன் பாதிப்பு அதிகம். வீரியமான சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது.

நிலத்துக்கு வருகிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா செடியை அனுமதியின்றிப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. 20-ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சாகுபடிக் குற்றத்துக்குச் செடி எத்தனை என்ற கணக்கு கிடையாது. 1 கிலோ, 20 கிலோ என்ற வரம்புகள் கையில் வைத்திருக்கும் கஞ்சாவுக்குத்தான். நம்மில் பலருக்குத் தெரியாத பிரிவு 46. தன் நிலத்தில் யார் இந்தச் செடியைப் பயிரிட்டாலும், நிலம் வைத்திருப்பவர் உடனே காவல் துறைக்கோ உரிய அதிகாரிக்கோ சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவரும் தண்டனைக்குரியவர். ‘குத்தகைக்கு விட்டேன், அவர்கள் என்ன போட்டார்களோ’ என்று நகர்ந்துவிட முடியாது. 54-ஆவது பிரிவு இன்னும் கடுமை. ஒருவர் உழுது பயிரிட்ட நிலத்தில் இந்தச் செடி நின்றால், மறுத்து நிரூபிக்கும் வரை குற்றம் அவருடையது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நான்கு மடங்கு குத்தகை எதற்கு என்று இப்போது விளங்கியிருக்கும். பணம் அவர்களுக்கு, வழக்கு பட்டாதாரருக்கு.

இன்னொன்று, அந்த ஆப்கன் விதை நம் மண்ணில் அவர்கள் சொல்வதுபோல் வரவும் வராது. இது பகல் குறையும்போது பூக்கும் செடி. அங்கே கோடையில் பகல் பதினாலரை மணி நேரம். தமிழ்நாட்டில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குள்தான். முளைத்துச் சாண் உயரம் போவதற்குள் பூத்துவிடும். நெருக்கமான அந்தப் பூவில் நம் மழைக்கால ஈரத்துக்குச் சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகும். லாபக் கணக்கு காட்டியவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதையொட்டி வந்த வேறு சில கேள்விகளுக்கும் இங்கேயே பதில்.

உத்தராகண்டில் அரசே அனுமதிக்கிறதாமே?

ஆம், நாருக்கும் விதைக்கும் மட்டும். சட்டத்தின் 14-ஆவது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மிகாத ‘ஹெம்ப்’ ரகத்துக்கு உரிமம் பெற்றுத்தான் அங்கே பயிரிடலாம். அந்த உரிமம் அந்த மாநிலத்துக்கு மட்டும். அதைக் காட்டி இங்கே யாரும் விதைக்க முடியாது.

விதை வாங்குவது குற்றமில்லை என்கிறார்களே?

சட்டத்தில் ‘கஞ்சா’ என்பதன் விளக்கத்தில் தனி விதை சேராது. ஹெம்ப் விதையை உணவாக விற்கவும் 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. ஆனால் அந்த விதையை மண்ணில் போட்டால் அது சாகுபடி. வெளிநாட்டிலிருந்து எந்த விதையையும் தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாமல் தருவிப்பதும் தவறு.

சணப்பை ‘சன் ஹெம்ப்’ என்கிறார்கள். பசுந்தாள் உரத்துக்கு விதைத்தால் பிரச்சினை வருமா?

வராது. சணப்பு, பயறு வகைக் குடும்பம். ஆங்கிலப் பெயரில் ‘ஹெம்ப்’ ஒட்டியிருப்பது நாருக்காக. கஞ்சாவுக்கும் அதற்கும் உறவே இல்லை, தாராளமாக விதையுங்கள். புளிச்சைக் கீரைக்கும் இதே தொல்லை உண்டு. அதன் இலை கஞ்சா இலைபோல இருப்பதால் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்றே தாவரவியல் பெயர். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் புளிக்கும், பூ செம்பருத்தி வடிவில் வரும்.

வரப்பு ஓரத்தில் சந்தேகமான செடி ஒன்று தானாக முளைத்திருக்கிறது. பிடுங்கிப் போடலாமா?

பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், கொளுத்தவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் தேசிய போதைத் தடுப்பு உதவி எண் 1933-ஐ அழைக்கலாம். அது என்ன செடி என்றே தெரியவில்லை என்றால் படத்தை உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.