கடலடிப் பாடங்கள் – 7: மேகம் பார்த்த பிள்ளை

பதுளையில் இருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கும் ஏ5 வீதி செங்கலடியில் முடிகிறது. ஓர் ஆகஸ்ட் மாதம் அந்த வழியே பஸ் ஏறிப் பாசிக்குடாவுக்கு வந்தான், பதினாறு வயதுத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன். சுழியோடப் பழக வேண்டும் என்றான். முதலில் கேட்டதே ஹெர்மிஸ் கப்பலைத்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல், மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. புதிதாகப் பழகியவருக்கு எல்லை 18 மீற்றர். "அதுக்கு இன்னும் காலம் இருக்கு தம்பி" என்றேன்.

"வரும்போது காது அடைச்சதா?"

"ஆமாண்ணே. எச்சில முழுங்கினேன், விட்டுருச்சு."

பாதிப் பாடத்தை பஸ்ஸிலேயே படித்துவிட்டான். பதுளை சுமார் 680 மீற்றர் உயரம். அத்தனையும் இறங்கிவரக் கூடுகிற அமுக்கம், கடலில் ஒரு மீற்றர் போவதற்குள் கூடிவிடும். அதனால் வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீற்றரில் இழுத்த காற்று, நீர்மட்டத்துக்கு வருமுன் இரண்டு மடங்காக விரியும்.

அடுத்த பாடம் காற்று. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி வறண்டு இறங்குகிறது. கிழக்கில் அதைக் கச்சான் என்போம். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவது அந்த வறட்சிதான். கிழக்குக் கடல் சுழியோட வாய்ப்பதும் அதே மாதங்களில்தான். ஆனால் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும். வள்ளத்தை விட்டு விலகி மேலே வருபவரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும்.

காலையில் ஒருமுறை இறங்கி நன்றாகவே செய்தான். பிற்பகல் மறுபடி இறங்க உடுப்பு மாட்டும்போது, கைகாட்டி நின்றான்.

"அண்ணே, நம்ம மலைப் பக்கம் கருக்குது. இப்படி எழும்பினா வீட்டுல கொழுந்துக் கூடையோட ஓடி வந்துருவாங்க."

கடலையே பார்த்து நின்ற நான் அப்போதுதான் மேற்கே திரும்பினேன். அன்றைய பாடத்தை நிறுத்தினேன். சிறிது நேரத்தில் இடி இறங்கியது.

"அப்ப ராத்திரி பஸ்ஸிலயே வீட்டுக்குப் போயிறவா?"

அதற்கும் மறுத்தேன். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரம் ஏறினால் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கக்கூடும். சுழியோடியபின் விமானம் ஏறுவதற்கான வழிகாட்டல், சுமார் 600 மீற்றருக்கு மேலுள்ள உயரங்களுக்கானது. ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். பலமுறை இறங்கியவர் 18 மணித்தியாலம். கொழும்புப் பிள்ளை அன்றே வீட்டுக்குப் போகலாம். பதுளைப் பிள்ளைக்கு வீடே உயரம்.

அன்றிரவு கரையிலேயே தங்கினான். இறங்காமல் நிற்கத் தெரிவதைத்தான் நான் எல்லோருக்கும் கடைசியில் சொல்லிக்கொடுப்பேன். அவன் அதை மலையிலிருந்தே கொண்டுவந்திருந்தான். அன்றுமுதல் அதையே முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.

(தொடரும்)