பாழ்நிலம் யாருக்குச் சொந்தம்?

அணுகுண்டுப் போர் முடிந்துவிட்டது. ஊர்கள் எல்லாம் சாம்பல். அரசாங்கம் இல்லை. போலீஸ் இல்லை. உயிர் தப்பியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேருகிறார்கள். கையில் கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, "இது எங்கள் நாடு" என்கிறார்கள்.

பயப்பட வேண்டாம். இது கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கற்பனைக் கதை!

2010-ம் ஆண்டில் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற விளையாட்டு அது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் கதை நடக்கிறது. ஒரு பக்கம் புதிய கலிபோர்னியா குடியரசு. ஆற்றுக்கு அக்கரையில், சீசர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவனின் படை. நடுவில், சூதாட்ட நகரத்தைக் கைக்குள் வைத்திருக்கும் ஒரு கோடீஸ்வரர். எல்லோருக்கும் கண் ஹூவர் அணை மீது. தண்ணீரும் மின்சாரமும் யார் கையிலோ, பாழ்நிலமும் அவர் கையில்!

உங்கள் வீட்டுப் பையன் இதை விளையாடிக்கொண்டிருந்தால், சற்று கூப்பிட்டு உட்கார வையுங்கள். அணுகுண்டு இல்லாமலே இப்படி ஒரு போர்க்களம் நம் தர்மபுரிச் சீமையில் இருந்தது. அதைச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு கோட்டை

அந்தச் சீமைக்கு அப்போது பாராமகால் என்று பெயர். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமும், திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கமும் சேர்ந்த பகுதி. 'பாரா' என்றால் இந்துஸ்தானியில் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் உள்ள சீமை என்று சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால், ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள்! கிருஷ்ணகிரி மட்டும் தவறாமல் வரும்.

இது ஒரு படிக்கட்டு போன்ற பூமி. மேலே மைசூர் பீடபூமி. கிழக்கே இறங்கினால் ஆற்காட்டுச் சமவெளி. தெற்கே தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம். மைசூர்ப் படை கீழே இறங்கினாலும், சென்னைப்பட்டணத்துக் கும்பினிப் படை மேலே ஏறினாலும், இந்தப் படியில் கால் வைப்பது வழக்கமாகிவிட்டது. மிதிபடுவது படிக்கட்டுதானே!

1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாராமகால் ஐதர் அலியின் கைக்கு வந்தது. 1767-ல் கும்பினியார் படை காவேரிப்பட்டணத்தைப் பிடித்தது. அதே ஆண்டு ஐதர் அலி அதைத் திரும்பப் பிடித்தார். 1768-ல் தர்மபுரி கும்பினியார் வசம் போயிற்று. அந்த டிசம்பரிலேயே ஐதர் அலி மீட்டுக்கொண்டார். 1769-ல் சமாதானம். "பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்துவிடுவது" என்று ஒப்பந்தம்!

ராஜாக்களுக்குக் கணக்கு நேராகிவிட்டது. குடியானவனுக்கு? படைக்குச் சோறு வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும். அவை எந்தக் களத்திலிருந்து வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று ஊரைக் கொளுத்துவதும் அந்தக் காலத்துப் போர் முறைகளில் ஒன்று.

உருண்டு வந்த பாறைகள்

1791 நவம்பரில் ஒரு நாள் இரவு. கர்னல் மாக்ஸ்வெல் என்ற தளபதி கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மீது பாய்ந்தார். கீழ்க்கோட்டை விழுந்தது. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் வாசல் அடைபட்டுவிட்டது. ஏணி சாத்திப் பார்த்தார்கள். மேலேயிருந்து திப்பு சுல்தானின் வீரர்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணியும் நொறுங்கிற்று, ஏணி தூக்கியவர்களும் நசுங்கினார்கள். படை திரும்பிவிட்டது.

அந்த மலையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. மொட்டைப் பாறை!

நான்கே மாதம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார். ரத்தம் சிந்தியும் கிடைக்காத கிருஷ்ணகிரி, ஒரு காகிதத்தில் கும்பினியாருக்குக் கிடைத்துவிட்டது! ஓசூர்ப் பக்கம் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஆக, மலைக்கு மேலே ஒரு ராஜ்யம், கீழே ஒரு ராஜ்யம்.

கோட்டை இருக்கிறது; வரி எங்கே?

கோட்டை கைக்கு வந்தது. கொத்தளம் வந்தது. ஆனால் கல்லுக்கு யார் வரி கட்டுவார்கள்? உழுகிற ஆள் வேண்டும். கரம்பாய்க் கிடக்கும் நிலத்தில் ஏர் பூட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயது முப்பதை ஒட்டி. தர்மபுரியை இருப்பிடமாக வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இந்த ஊர் ஊராகச் சுற்றினார்.

வயல் வயலாக அளந்தார்கள். ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு நிலத்தைக் கொடுப்பது என்று முதலில் நினைத்தார்கள். குடியானவர்கள் பிடி கொடுக்கவில்லை. நியாயம்தானே! அடுத்த ஆடியில் மழை வருமா, அல்லது குதிரைப்படை வருமா என்று தெரியாதவன், ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவானா?

கடைசியில் அதிகாரிகளே இறங்கி வந்தார்கள். 1796 டிசம்பரில் ரீட் ஒரு பிரகடனம் செய்தார். அளந்த வயலுக்குத் தீர்வை கட்டும் வரை அது குடியானவன் கையில் இருக்கலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். நடுவில் குத்தகைதாரன் இல்லை. ரயத்துவாரி என்று பிறகு பெயர் பெற்ற முறை இப்படித்தான் பாராமகாலில் பிறந்தது.

அதற்காக மன்றோவைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். கும்பினியாருக்குப் பணம்தான் குறி. தீர்வை கடுமை. தாமே பின்னால் வேறு ஜில்லாக்களில், 1807-ல், கால் பங்கு குறைக்க வேண்டும் என்று எழுதியவர் அவர். கணக்கில் பெயர் ஏறியது நிலம் வைத்திருந்தவனுக்கு. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்த பண்ணையாளுக்கு அல்ல.

மறுபடியும் துண்டு துண்டாக

ரீட், மன்றோ இருவரும் போன பிறகு காற்று திசை மாறியது. 1803 முதல் 1805 வரை இந்தச் சீமையை 'மிட்டா'க்களாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார். போரில் கோட்டைக்காரன் நின்ற இடத்தில், சமாதானத்தில் ஏலக்காரன் வந்து நின்றான்!

பல மிட்டாதார்களால் பணம் கட்ட முடியவில்லை. மிட்டாக்கள் ஒவ்வொன்றாகச் சர்க்காரிடமே திரும்பின. 1820-ல் மன்றோ சென்னை கவர்னராக வந்தார். ரயத்துவாரியே மாகாணத்தின் பொது முறையாயிற்று.

எஞ்சிய மிட்டாக்கள் அதற்குப் பின்னும் நூறு ஆண்டுக்கு மேல் பிழைத்திருந்தன. சுதந்திரம் வந்தபின் 1948-ல் செய்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்தான் அவற்றுக்கு முடிவு கட்டியது.

பிறகு கோடு போட்டவர்கள் சர்க்கார் அதிகாரிகள். 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஐதர் அலியும் கும்பினியாரும் மாறி மாறிப் பிடித்த காவேரிப்பட்டணம் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. பாறை எதுவும் உருளவில்லை.