பாட்டில்லாமல் ஆடிய கரடி

நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்த 2024 ஏப்ரலில், பெருநாள் கழிந்து சில நாட்களில் குடும்பமாக ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போயிருந்தோம். சீசன் நேரம். நானுஓயாவிலிருந்தே வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. களியாட்டக் கூடாரங்களையும் மரணக் கிணற்றின் பலகைகளையும் கண்டதும், தரம் 5இல் படிக்கும் என் மகள் கேட்டாள்: "உம்மா, இங்க சர்க்கஸ் ஈக்குமா? கரடி சைக்கிள் ஓடும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

ஆம், நான்தான் சொன்னேன். பாதிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். வாப்பாவுக்குத் தோட்டத்துக்குக் கிட்டே ஒரு சின்னப் பலசரக்குக் கடை. மலையகத்துக்கு ஒரு சர்க்கஸ் கம்பனி வந்திருந்தது. சம்பளம் போட்ட கிழமையின் ஞாயிற்றுக்கிழமை, லயத்து ஆட்களோடு நாங்களும் லொறியில் ஏறிப் போனோம். காசு போதாத சிலருக்கு டிக்கெட் காசைக் கொடுத்து, வாப்பா கடன் கொப்பியில் எழுதிக்கொண்டார். வருடம் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களுக்கு அது ஒன்றுதான் பயணம். இதைச் சொல்லாமல் சர்க்கஸைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் அது நியாயமாகாது. அன்று அந்தக் கூடாரத்துக்குள் கேட்ட சிரிப்பு உண்மையான சிரிப்பு.

கரடி சைக்கிள் ஓட்டியது. வாயில் தோல் வார் கட்டியிருந்தது. நானும் கைதட்டினேன். இடைவேளையில் நானாவோடு கூடாரத்தின் பின்பக்கம் போனபோது அதே கரடி கூட்டுக்குள் நின்றது. தலையை இடம் வலமாக, இடம் வலமாக ஆட்டிக்கொண்டேயிருந்தது. "பாரு, பாட்டில்லாமலும் ஆடுது" என்றான் நானா. இருவரும் சிரித்தோம்.

அது ஆட்டமல்ல என்பது பல வருடங்களுக்குப் பிறகு, கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது, நூலகத்தில் கிடைத்த ஒரு விலங்கியல் புத்தகத்தைப் புரட்டிய அன்றுதான் விளங்கியது. நாள் முழுக்க நடந்து இரை தேட வேண்டிய மிருகத்தை நாலடிக் கூட்டில் வைத்தால், செய்ய வேலையில்லாத உடம்பு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கும். சங்கிலியில் கட்டிய யானை காலை மாற்றி மாற்றி அசைவதும், கூட்டுப் புலி ஒரே கோட்டில் போய் வருவதும் இதுதான். மிருக வைத்தியர்கள் இதை மன உளைச்சலின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். நாமோ யானை இசைக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

கரடி எப்படிப் பழக்கப்படுகிறது என்பதை அறிய இந்தியாவின் கலந்தர்களின் கதையைப் பார்க்க வேண்டும். அவர்கள் நம்மைப் போல முஸ்லிம்கள். முகலாய அரசவைகளில் கரடி ஆட்டியவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் நாடோடிச் சமூகம். தாயிடமிருந்து பிரித்த குட்டியின் மூக்குப் பகுதியைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்துக் கயிறு கோர்ப்பார்கள். பற்களை உடைப்பார்கள். கயிற்றை இழுத்தால் வலி, வலித்தால் கரடி எழுந்து நிற்கும். தெருவில் நாம் கண்ட 'நடனம்' அவ்வளவுதான்.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுத்தது. ஆனாலும் தெருக்களில் கரடியாட்டம் நிற்கவில்லை. சட்டம் கரடியைப் பற்றி மட்டும் பேசியது, கயிற்றின் மறுமுனையில் இருந்தவனின் அடுப்பைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1995இல் தொடங்கப்பட்ட 'வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்' அமைப்பு வேறு வழியில் போனது. கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்குத் தொழில் தொடங்க முதல் கொடுத்தது. ஆண்களுக்கு ஆட்டோ, சிறு கடை. பெண்களுக்குத் தையல் பயிற்சி. பிள்ளைகளுக்குப் பாடசாலை. 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டு ஆக்ரா போன்ற இடங்களிலுள்ள காப்பகங்களுக்குப் போயின. 2009இல் கடைசிக் கரடியும் ஒப்படைக்கப்பட்டது. ஒரு ஆசிரியையாக எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாடசாலைப் பகுதிதான், மறைப்பானேன்.

சர்க்கஸ் கூடாரங்களின் விஷயம் நீதிமன்றத்தில் முடிந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வித்தைக்குப் பழக்குவதைத் தடைசெய்து 1998இல் இந்திய அரசு அறிவித்தல் விட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தன. கேரளா என்பது கவனிக்க வேண்டிய விஷயம். 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய தலசேரி அங்கேதான் இருக்கிறது. இந்திய சர்க்கஸின் தாய்வீடு அது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ரிங்லிங் சர்க்கஸும் 2016இல் யானைகளை நிறுத்தி, 2017இல் மூடி, 2023இல் மிருகங்களே இல்லாமல் திரும்பி வந்தது.

நமது நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. ஜெர்மனியின் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கை யானைகளோடு இலங்கை மனிதர்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தவர். அடிக்குப் பதிலாக உணவு கொடுத்து மிருகங்களைப் பழக்கலாம் என்று பேசியவரும் அவரே. என்னதான் உணவு கொடுத்தாலும் கூடு கூடுதானே. அவரது தம்பி முறையான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி, ஏற்றுமதிக்கான மிருகங்களைத் தெஹிவளையில் வைத்திருந்தார். 1936இல் அரசு பொறுப்பேற்ற தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கம் அதுதான். பாடசாலைச் சுற்றுலாவில் போய் அங்கே மாலை நேர யானை நடனம் பார்த்த தலைமுறை நாங்கள்.

நமது மிருகவதைத் தடைச் சட்டமோ 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் எழுதப்பட்ட அபராதம் 100 ரூபாய். இன்று ஹட்டன் டவுனில் அந்தக் காசுக்கு ஒரு பால் தேநீர் கிடைப்பதே சந்தேகம். 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய மிருக நலச் சட்டத்துக்கு வரைபு தயாரித்தது. அது வருடக்கணக்காக இழுபடுகிறது.

ஒரு அன்சாரித் தோழரின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் சம்பவத்தை அபூதாவூதில் படித்திருப்போம். நபி (ஸல்) அவர்கள் முதலில் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தார்கள். பிறகுதான் உரிமையாளர் யார் என்று கேட்டு, அது பட்டினியையும் களைப்பையும் தன்னிடம் முறையிட்டதைச் சொன்னார்கள். ஒட்டகம் வேலை செய்யக் கூடாது என்று அதில் இல்லை. அதன் வயிற்றுக்கும் களைப்புக்கும் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் நமது சிரிப்புக்காக ஒரு மிருகத்தின் மூக்கைத் துளைப்பதை எந்தத் தேவையில் சேர்ப்பது?

இதையெல்லாம் மகளிடம் அன்று சொல்லவில்லை. கரடி எப்படிச் சைக்கிள் பழகியது என்பதை மட்டும், அவள் வயதுக்குத் தக்கதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்தோம். கூடாரத்தில் கயிற்றில் நடந்த பெண்ணுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

திரும்பும் வழியில் கிரகரி வாவிக் கரையில் அவித்த சோளம் வாங்க நின்றோம். சவாரிக் குதிரை ஒன்று மழைத் தூறலில் நின்றது. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உம்மா, இது பரவாயில்லையா?"

என் கணவர் வாகனத்தின் ஹோனை அடித்தார். மிச்சமிருந்த சோளத்தைக் குதிரைக்குக் கொடுக்கலாமா என்று அவளே அந்த ஆளிடம் போய்க் கேட்டாள்.