கட்டளை வரியும் வழங்கிப் பேணலும்

கணினி என்றவுடன் படங்களும் பலவண்ணச் சாளரங்களும் நிறைந்த திரையையே நம் மாணவர் நினைப்பர். ஆயின் பாடசாலைகளும் திணைக்களங்களும் வங்கிகளும் நாடோறும் நம்பியிருக்கும் கணினிகள் அத்தகையன அல்ல. அவை எங்கோ ஓர் அறையிற் பூட்டப்பட்டு, பார்ப்பாரின்றி இரவு பகலாய் ஓடிக்கொண்டிருப்பன. கேட்டவர்க்குக் கேட்ட ஏட்டை எடுத்து வழங்குவதால் அவற்றை வழங்கி என்கிறோம். சேவையகம் என்பாரும் உளர். அவற்றுட் பெரும்பாலானவை யுனிக்ஸ் என்னும் இயங்குதள மரபைச் சார்ந்தவை. மலையகப் பாடசாலை ஒன்றின் பதிவேடுகளைக் காக்கும் பொறுப்பு ஒருவர்க்கு நேர்ந்ததாகக் கொண்டு, அவர் கட்டளை வரியில் நாளாந்தம் செய்யவேண்டிய கருமங்கள் சிலவற்றை ஈண்டு விளக்க முயல்வோம். கலைப் பட்டதாரிக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவார்க்கு விடை கட்டுரையின் நடுவிற் கிடைக்கும். இங்கு எழும் சிக்கல்களுட் பாதி இலக்கணச் சிக்கல்களே.

யுனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரால் தொடங்கப்பட்டது. 1973இல் சி என்னும் கணினி மொழியில் மீள எழுதப்பட்டமையால் அது ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்குப் பெயர்வது எளிதாயிற்று. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் அம்மரபை ஒட்டி லினக்ஸை வெளியிட்டார். விலையின்றிக் கிடைக்கும் அதுவே இன்று வழங்கிகளிற் பெருவழக்காயுள்ளது. தொடக்க காலத்தில் திரை இல்லை. கட்டளையைத் தட்டினால் விடை தாளில் அச்சாகி வரும் தொலையச்சுப் பொறியே இருந்தது. அதனாலேயே கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துக்களாகச் சுருங்கின: பட்டியலிட எல்.எஸ்., படியெடுக்க சி.பி., இடம்பெயர்க்க எம்.வி., அழிக்க ஆர்.எம். இவற்றுள் இறுதியாகக் கூறியதைத் தட்டுமுன் ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கவேண்டும். அது குப்பைக்கூடையில் இடுவதன்று, இல்லாமற் செய்வது.

இச்சிக்கனம் எம்மனோர்க்கு மிகவும் ஏற்றது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த நாட்களில், படச்சாளரம் பாதி திறந்து நின்றுவிடும் மெலிந்த இணைப்பிலும், சில எழுத்துக்களே சென்று மீளும் கட்டளை வரி இயங்கிவிடும். தொலைவிலிருந்து வழங்கியுட் புகுதற்குரிய வாயில் எஸ்.எஸ்.எச். எனப்படும். ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதன் பின்னர், அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995இல் இதனை ஆக்கினார். இடைவழியில் ஒட்டுக்கேட்பார்க்கு விளங்காதவாறு இது செய்தியை மறைத்துக் கொண்டுசெல்லும். கடவுச்சொல்லினும் திறவுகோற் சோடி முறை பாதுகாப்பானது. ஒன்று வழங்கியில் இருக்கும், மற்றையது உம்மிடமே இருத்தல் வேண்டும். அதனை நண்பர்க்கும் கொடுத்தல் ஆகாது.

உட்புகுந்ததும் முதற் கருமம் பார்வையிடுதல். தோட்டங்களில் விடியற்காலை பிரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணிப் பெயர்போட்ட பின்னரே வேலை பகிரப்படும். அதுபோல, பி.எஸ். என்னும் கட்டளை அவ்வேளை ஓடும் செயல்கள் அனைத்தையும் எண்ணிட்டுக் காட்டும். டி.எவ். வட்டில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதை நூற்றுவீதத்திற் கூறும்; எக்கோப்புறை அவ்விடத்தைக் கவர்ந்தது என்பதை டி.யூ. கூறும். வட்டு முற்றாக நிரம்பினால் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். நடந்ததையெல்லாம் வழங்கி தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பேடுகளே பலவேளை அதற்குக் காரணம். வால் எனப் பொருள்படும் ரெயில் என்ற கட்டளையால் அவற்றின் இறுதி வரிகளை மாத்திரம் பார்க்கலாம். அவை வரம்பின்றி வளராமற் காக்கும் செயல், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதை ஒத்தது. பழைய குறிப்பேட்டை முறைப்படி சுருக்கிக் கட்டி, குறித்த வாரங்கள் கழிந்தபின் நீக்கும். கவ்வாத்தை மறந்த செடி மரமாகும். குறிப்பேட்டை மறந்த வழங்கி ஒருநாள் மௌனமாகும்.

யார் எதைத் தொடலாம் என்பது அடுத்த விடயம். யுனிக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், அவர்தம் குழுவினர், ஏனையோர் என மூவகையார் உளர். வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனப் புள்ளியிட்டு, ஒவ்வொரு வகையார்க்கும் கூட்டி எழுதுவர். மாணவர் பதிவேட்டுக்கு 640 என விதித்தால், உரியவர் வாசிக்கவும் எழுதவும், ஆசிரியர் குழு வாசிக்க மட்டும், பிறர் ஒன்றும் செய்யாதிருக்கவும் அமையும். எவ்விதியும் கட்டுப்படுத்தாத ஒருவரும் உண்டு. அவர் பெயர் ரூட், வேர் என்பது பொருள். தோட்டத்துப் பெரியதுரையைப் போல் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஆதலின் நாள்முழுதும் அவராய் இருந்து வேலைசெய்தல் தகாது. வேண்டியபோது மாத்திரம் சுடூ என்னும் முன்னொட்டால் அவ்வதிகாரத்தைக் கடன்பெற்று, உடனே திருப்பிக்கொடுப்பதே நன்று.

இனி யுனிக்சின் தனிச்சிறப்புக்கு வருவோம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, நொதித்து, உலர்ந்து, சலிக்கப்பட்டு வெளிவருகிறது. ஒவ்வொரு பொறிக்கும் ஒரே தொழில். டக்ளஸ் மக்கில்றோயின் யோசனையால் 1973இல் யுனிக்சிற் சேர்ந்த குழாய் என்னும் அமைப்பும் இத்தகையதே. ஒரு கட்டளையின் விளைவு அடுத்ததன் மூலப்பொருளாகும். கிறெப் என்பது வேண்டிய சொல் வரும் வரிகளைப் பொறுக்கும். சோர்ட் அவற்றை வரிசைப்படுத்தும். யுனிக் ஒத்தவற்றை எண்ணும். மூன்றையும் குழாயால் இணைத்தால், எத்தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகின்றனர் என்பது கண்ணிமைப்பொழுதில் தெரியும்.

தெரியுமா? இங்கேதான் தமிழ் குறுக்கிடுகிறது. மலையகம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஐந்து என்பர் தமிழ் கற்றோர். எண்ணும் கட்டளையாகிய டபிள்யூ.சி. ஏழு என்னும், லகரத்தின் மேலேறிய ஐகாரக் குறியையும் இறுதி மகரத்தின் புள்ளியையும் அது தனித்தனி எண்ணுகிறது. பைற்றுக் கணக்குக் கேட்டால் 21 என்னும். கென் தொம்சன் 1992 செப்டெம்பரில் நியூ ஜேர்சி உணவகமொன்றில் ரொப் பைக்குடன் இருந்து மேசைத்தாளில் வகுத்த யூ.ரி.எவ்.-8 முறைப்படி, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடங்கொள்ளும். எனவே பெயருக்கு முப்பது இடம் ஒதுக்கினோம் என்று எவரேனும் கூறின், முப்பது என்ன என்று கேட்டல் வேண்டும். பைற்று எனின், நீண்ட தமிழ்ப்பெயர் பத்தாங் குறியோடு அறுபடும்.

கண்ணுக்குப் புலப்படாத இடர் வேறொன்று உண்டு. கொட்டகலை என்பதன் முதலெழுத்தை, ஒகரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனி இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிறெப்புக்கு இரண்டும் வேறு. ஒருவகையாற் தேடினால் மறுவகையால் எழுதப்பட்ட பிள்ளை அகப்படமாட்டாள். பதிவேட்டை ஏற்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றும் ஒழுங்குபடுத்தலைச் செய்தல் இதற்குப் பரிகாரம். வரிசைப்படுத்தலிலும் இவ்வாறே. வெறும் குறியெண் வரிசையில் ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் நின்று, வகரம் பின்தள்ளப்படும். றஞ்சனிக்குப் பின் லட்சுமி வருவாள். நெடுங்கணக்குப்படி முறை மாறியிருத்தல் வேண்டும். வழங்கியின் மொழிச்சூழலை இலங்கைத் தமிழ் என அமைத்தபின் சோர்ட் நம் வரிசையை நெருங்கிவரும். ஆயினும் அச்சிடுமுன் நெடுங்கணக்கு அறிந்த ஒருவர் கண்ணோட்டம் இடுதல் நலம்.

ஒரு குறி பிழைத்தால் என்ன என்று இலேசாகக் கொள்வார் உளர். மலைநாட்டில் அவ்வாறு கூறவியலாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய எம் முன்னோர், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எங்கோ எழுதப்பட்ட ஒரு பெயரும் ஒரு திகதியும் ஒரு குடும்பத்தின் நாட்டைத் தீர்மானித்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் அந்நிலை நீங்கியது. எனினும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு பெயருமாய் அலையும் பெற்றோரை ஆசிரியர் இன்றும் காண்கிறோம்.

ஆதலின் படியெடுத்தலும் படியைச் சரிபார்த்தலும் வழங்கிக் காவலரின் தலையாய கடன். கலித்தொகையை 1887இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட வேலையை, இரு கோப்புக்களுக்கிடையே டிவ் என்னும் கட்டளை நொடியிற் செய்து, வேறுபட்ட வரிகளை மாத்திரம் காட்டும். எது சரியான பாடம் என்று மட்டும் அது கூறாது. அது மனிதர் பொறுப்பு. கோப்பு முழுவதற்கும் 64 இலக்கங்கொண்ட கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணிக்கும் கட்டளையும் உண்டு. ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக வேறுபடும்.

படி எங்கிருக்க வேண்டும்? வழங்கி இருக்கும் கட்டடத்தில் அன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயன் வீடுகளோடு அவற்றினுள் இருந்த பத்திரங்களும் மண்ணுள் மறைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்கும் அழிந்தன. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கறாஸ் ஆகியோர் ஆக்கிய ஆர்சிங்க் என்னும் கருவி, மாறிய பகுதியை மாத்திரம் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புமாதலால் மெலிந்த இணைப்புக்கும் பொருந்தும். ஒன்றை மறத்தல் ஆகாது: மூலத்தில் அழிந்ததைப் படியிலும் அழிக்குமாறு அதனைப் பணிக்கலாம். அவ்வாறு பணித்திருப்பின் இங்கு நேர்ந்த தவறு அங்கும் சென்று சேரும். திகதியிட்ட பழைய படிகளும் வேண்டும்.

இவ்வேலையை நாடோறும் நினைவூட்டுவது கிறொன். நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்னும் ஐந்தையும் ஒரு வரியில் எழுதினால் போதும். 30, 2, பின் மூன்று உடுக்குறிகள் எனின் ஒவ்வோரிரவும் இரண்டரை மணி. யுனிக்ஸ் தன்னுள்ளே 1970 ஜனவரி முதலாந் திகதி கிறீனிச் நள்ளிரவிலிருந்து நொடிகளையே எண்ணும். இலங்கை நேரம் என்பது அதன்மேற் போர்த்த அட்டவணை. 1996இல் நம் நாட்டுக் கடிகாரம் இருமுறை மாறி, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரை மணி வேறுபாட்டுக்கு மீண்டதை அவ்வட்டவணை அறியும். 1998இன் கோப்பொன்றைக் கேட்டால் அக்காலத்து ஆறு மணி வேறுபாட்டோடு நேரங்கூறும்.

மின்சாரம் நின்றுவிட்டால் இவையொன்றும் நடவா. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாடு கண்டது. மின்கலம் தீருமுன் சட்டவுண் என்னும் கட்டளையிட்டு வழங்கியை முறையாக உறங்கச்செய்தால், எழுதிக்கொண்டிருந்தவை குறையின்றி வட்டிற் சேரும். பொத்தானை அழுத்தி அணைப்பது, எழுதுபவர் கையிலிருந்து ஏட்டைப் பறிப்பது போன்றது.

தவணைக்கொரு முறையேனும் படியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டெடுத்த கோப்பின் வரிகளை டபிள்யூ.சி.யால் எண்ணி, அதிபரின் மேசையிலுள்ள சேர்வு இடாப்பின் தொகையோடு ஒப்பிடுக. இரண்டும் ஒத்திருப்பின் அன்றைய திகதியை இடாப்பின் ஓரத்தில் மையாற் குறித்து, கையொப்பமிட்டு மூடிவைக்கலாம்.