நிற்கக் கற்றுக்கொள்ளும் பந்தயக் குதிரைகள்!

4 வயதில் ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு 20 வருட வாழ்க்கை!

பந்தயக் குதிரைகள் பலவற்றின் கதை இதுதான். ‘தரோபிரெட்’ எனப்படும் பந்தய இனக் குதிரை, சமதளப் பந்தயங்களில் 2 வயதிலேயே ஓட ஆரம்பித்துவிடும். 4, 5 வயதுக்குள் பல குதிரைகளின் ஓட்டம் முடிந்துவிடும். தடை தாண்டும் பந்தயக் குதிரைகள் 10, 12 வயதுவரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால், நன்றாகப் பராமரித்தால் இந்தக் குதிரைகள் 25 வயதைத் தாண்டியும் வாழும். மீதிக் காலத்துக்கு என்ன வழி?

பெரிய கோப்பைகளை வென்ற குதிரை என்றால் இனப்பெருக்கப் பண்ணையில் ராஜ வாழ்க்கை கிடைக்கலாம். காயடிக்கப்பட்ட ஆண் குதிரைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வேகம் போதாதவை, காயம்பட்டவை, ‘இனி இது ஓடாது’ என்று முடிவு கட்டப்பட்டவை என்று ஒவ்வொரு வருடமும் லாயத்தைவிட்டு வெளியேறும் குதிரைகள் ஏராளம். சும்மா நிற்கும் குதிரைக்கும் தினமும் தீனி போட வேண்டும், குளம்பைக் கவனிக்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால், வேறொரு வேலையைக் கற்றுக்கொண்ட குதிரைக்குத்தான் நல்ல வீடு சுலபமாக அமைகிறது. கற்றுக்கொள்ளாத குதிரை கைமாறிக் கைமாறி, கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

நவீனக் குதிரைப் பந்தயத்தின் தாயகமான இங்கிலாந்தில், இந்தக் குதிரைகளுக்கு இரண்டாவது வாழ்க்கை தரும் வழிகளில் ஒன்று, உள்ளூர் ‘ஷோ’.

கோடைக்கால வார இறுதி, ஒரு பெரிய புல்வெளி, ஒலிபெருக்கி, தேநீர்க் கூடாரம், குழந்தைகள், நாய்கள்... நம் ஊர்த் திருவிழா மாதிரிதான் இருக்கும். கயிறு கட்டிப் பிரித்த வளையத்துக்குள் குதிரைகளை நடக்கவும் ஓடவும் விட்டு, நடுவர் பார்த்து மதிப்பெண் போடுவார். வேகத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. உடல் அமைப்பு, நடை, அடக்கம், சொன்னதைக் கேட்கும் குணம் ஆகியவைதான் கணக்கு. பிறந்ததிலிருந்து ‘ஓடு, ஓடு’ என்று பழக்கப்பட்ட குதிரைக்கு ‘நில்’ என்று சொல்லித்தருவதுதான் இதில் பெரிய சவால்.

பிரிட்டனில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு மறுபயிற்சி அளிப்பதற்கென்றே, ‘ரீட்ரெயினிங் ஆஃப் ரேஸ்ஹார்ஸஸ்’ என்ற அறக்கட்டளை 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. குதிரைப் பந்தயத் துறையே ஆதரிக்கும் அமைப்பு இது. முன்னாள் பந்தயக் குதிரைகள் மட்டும் கலந்துகொள்ளும் தனிப் பிரிவுகள் இன்று பல ஷோக்களில் இருக்கின்றன.

நட்சத்திரக் குதிரைகளும் இந்தப் பாதையில் வந்திருக்கின்றன. செல்டன்ஹாம் கோல்டு கப் பந்தயத்தை 2007, 2009 என இரு முறை வென்ற ‘காட்டோ ஸ்டார்’, 2012-ல் ஓய்வுபெற்ற பிறகு ‘டிரஸ்ஸாஜ்’ எனும் நளின நடைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டது. ‘இவ்வளவு பெரிய வீரனை நடனமாட விடுவதா?’ என்று ரசிகர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. இன்னொரு குதிரை, அமெரிக்காவின் ‘டச் ஆஃப் கிளாஸ்’. பந்தயத்தில் ஒரு வெற்றிகூடப் பெறாத பெண் குதிரை. ஆனால், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டுதலில் தனிநபர், அணி என இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றது. ரேஸில் தோற்ற குதிரை உதவாத குதிரை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தெரிந்ததும் தெரியாததும்

பந்தய லாயத்திலிருந்து வரும் குதிரையைப் ‘பயிற்சியே இல்லாதது’ என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு நிறையவே தெரியும். வண்டியில் ஏறிப் பயணம் செய்யும். குளிப்பாட்டினால் நிற்கும். லாடம் அடிக்கக் கால் கொடுக்கும். கூட்டத்தைப் பார்த்திருக்கும். பலர் ஏறி ஓட்டிப் பழகியிருக்கும்.

ஆனால், அது கற்ற பாடங்கள் வேறு. பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி முதுகில் ஏற்றிவிடுவார்கள். அதனால், ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஜாக்கி குட்டையான அங்கவடியில் எழுந்து நின்றபடி ஓட்டுவார். முழு எடையோடு ஒருவர் சேணத்தில் உட்கார்ந்து, இரு கால்களாலும் அதன் விலாவை அணைப்பது அதற்குப் புதிது. எல்லாவற்றையும்விட முக்கியம், கடிவாள வார். நாம் அதை இழுத்தால் ‘நில்’ என்று அர்த்தம் என்று நினைப்போம். பந்தயக் குதிரையோ வாரின் பிடி இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். பயந்துபோய் ஒருவர் இழுக்க இழுக்க, குதிரை பறக்கும்!

ஒலிபெருக்கி, கொடிகள், கூட்டம், வரிசையாக வண்டிகள் என்று ஷோ மைதானத்தில் இருக்கும் எல்லாமே அதற்கு ரேஸ் நாளைத்தான் நினைவூட்டும். நமக்குத் திருவிழா, அதற்கு யுத்தகளம்!

முதலில் ஓய்வு

அதனால், வாங்கிய மறுவாரமே ஷோவுக்குக் கிளம்புவது கூடாது. பந்தய லாயத்தில் குதிரை நாளின் பெரும்பகுதியை அறைக்குள்தான் கழிக்கும். சக்தி நிறைந்த தானியத் தீனி, கடும் ஓட்டம் என்று வாழ்ந்த உடலுக்கு முதலில் தேவை, ஓய்வு. தானியத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புல்லையும் உலர்புல்லையும் கூட்டுவார்கள். மேய்ச்சல் நிலத்தில் முதல் நாள் சிறிது நேரம், பிறகு அரை நாள், பிறகு நாள் முழுக்க என்று பழக்குவார்கள். இந்த ஓய்வு சில குதிரைகளுக்குச் சில வாரங்கள் போதும். சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும்.

இதே காலத்தில் கால்நடை மருத்துவர் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகச் சாதாரணம். கால் தசைநாரில் பழைய காயம் இருக்கலாம். பல், முதுகு, குளம்பு மூன்றையும் பார்க்க வேண்டும். ‘குதிரைக்குக் கோபம் அதிகம்’ என்று நாம் நினைப்பது பல நேரம் வெறும் வலிதான். சேணத்தையும் புதிதாக அளவெடுக்க வேண்டும். உடல் பூசினாற்போல மாற மாற, போன மாதம் பொருந்திய சேணம் இந்த மாதம் உறுத்தும்.

மீண்டும் எல்.கே.ஜி!

அடுத்தது பாடம். முதல் பாடமே நிற்பதுதான். ஏறுவதற்கான படிக்கட்டு அருகே நிற்கவைத்து, நின்றால் பாராட்டு, நகர்ந்தால் மீண்டும் அதே இடம். 10 நிமிடப் பாடம் போதும், ஆனால் தினமும் நடக்க வேண்டும். பிறகு நடை, துள்ளு நடை, மெதுவான ஓட்டம் என ஒவ்வொன்றாக. பந்தய வளைவுகள் பெரியவை; ஷோ வளையம் சிறியது. அதில் சமநிலை தவறாமல் திரும்ப, புதிய தசைகளே வளர வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

ஒரு பாடத்தை மட்டும் தவறவிடவே கூடாது. மற்ற குதிரைகளோடு சேர்ந்து போவது. முன்னால் ஒரு குதிரை ஓடினால் ‘முந்து’ என்பதுதான் இதன் ரத்தத்தில் ஊறிய கட்டளை. அதனால், நிதானமான வயதான குதிரை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முன்னால் போவது, பின்னால் வருவது, முந்தவிட்டுப் பேசாமல் இருப்பது என்று வீட்டிலேயே பழக்க வேண்டும்.

முதல் ஷோ வேடிக்கை பார்க்க மட்டும்!

அனுபவசாலிகள் அடித்துச் சொல்லும் விஷயம் இது. முதல் ஷோவில் எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்காதீர்கள். அப்படி வருவதற்கு அனுமதி உண்டா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் சேரும் முன்பே போய், வளையத்திலிருந்து தள்ளி வண்டியை நிறுத்துங்கள். குதிரையை இறக்கி, கையில் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். கனைக்கட்டும், சுற்றட்டும், வியர்க்கட்டும். கொஞ்ச நேரத்தில் ‘இங்கே யாரும் என்னை ஓடச் சொல்லவில்லையே’ என்று அதற்கே புரிய ஆரம்பிக்கும். தலையைத் தாழ்த்திப் புல் மேய்ந்தால், அன்றைய பரீட்சையில் பாஸ். வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்!

அடுத்த முறை எளிய பிரிவு ஒன்றில் சேரலாம். சவாரி செய்யாமல் கையில் பிடித்து நடத்திக்காட்டும் பிரிவு, தொடங்குவதற்கு நல்லது. நடுவர் முன் குதிரையை நிறுத்தி, நேராக நடத்திச் சென்று, துள்ளு நடையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். நேர்த்தியான அலங்காரத்துக்கு ஒரு பிரிவு, ‘நடுவர் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆசைப்படும் குதிரை’க்கு ஒரு பிரிவு என்று ஜாலியான போட்டிகளும் உண்டு. பல குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சவாரிப் பிரிவுக்கு அவசரம் வேண்டாம். பழைய நினைவைக் கிளறிவிடும் இடமே அதுதான்.

சவாரிப் பிரிவுகள் சிலவற்றில், நடுவரே ஏறி ஓட்டிப் பார்ப்பார். பல குதிரைகள் புது ஆள் ஏறினால் மிரளும். பந்தயக் குதிரைக்கோ தினம் ஒரு சவாரிக்காரர் என்பது பழகிப்போன விஷயம். பழைய வாழ்க்கை கைகொடுக்கும் இடம் இது.

புறப்படும் முன் பாருங்கள்!

* குதிரையின் பாஸ்போர்ட். ஆம், பிரிட்டனில் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் சட்டப்படி கட்டாயம்! ஃப்ளூ தடுப்பூசி போட்ட பதிவு அதில் இருக்க வேண்டும் என்று பல ஷோக்கள் கேட்கும்.

* விதிமுறைப் புத்தகம். எந்தப் பிரிவுக்கு எந்தக் கடிவாளம், என்ன உடை என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. தரமான ஹெல்மெட் இல்லாமல் சவாரி கூடாது.

* பின்னிய பிடரி மயிர், பளபளக்கும் தோல் வார், சுத்தமான குளம்பு. விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. சுத்தமான பொருள் போதும்.

* வாலில் பச்சை ரிப்பன். ‘இது புதுசு, கொஞ்சம் விலகி நில்லுங்கள்’ என்பது அதன் அர்த்தம். சிவப்பு ரிப்பன் என்றால் ‘உதைக்கும், ஜாக்கிரதை!’

* ஒரு மூட்டை உலர்புல், தண்ணீர், பதறாத ஒரு துணையாள்.

எல்லோருக்கும் இது சரிவருமா?

வராது. சவாரியே தெரியாதவர் முதல் குதிரையாக இதை வாங்கினால், மனிதருக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. தரோபிரெட் சட்டென்று எதிர்வினை காட்டும் இனம். அனுபவமும் பயிற்சியாளரின் துணையும் வேண்டும். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்குபவர்கள், வாங்கிய விலையைவிடப் பராமரிப்புச் செலவு பல மடங்கு என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொள்வார்கள். சில குதிரைகளுக்குப் பழைய காயத்தால் போட்டியே ஒத்துவராது. மெதுவான சவாரிக்கோ, மேய்ச்சலில் இன்னொரு குதிரைக்குத் துணையாகவோ அவை வாழலாம். அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

இந்தக் கதை நமக்கும் அந்நியமானதல்ல. இந்தியாவில் குதிரையேற்றம் கற்றுத்தரும் பல பள்ளிகளில் நிற்பவை, ஒரு காலத்தில் ரேஸ்கோர்ஸில் ஓடியவைதான். உங்கள் பிள்ளை முதன்முதலாக ஏறி அமரும் குதிரை, ஒருவேளை கிண்டியிலோ பெங்களூரிலோ ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கத்திய குதிரையாக இருக்கலாம். அது இன்று பொறுமையாக நிற்கிறது என்றால், யாரோ ஒருவர் பல மாதங்கள் பாடுபட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பிரிட்டிஷ் ஷோக்களில் முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன். அதை வாங்கினால் சந்தோஷம்தான். ஆனால், கடைசி இடத்தில் வந்த குதிரையும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கூட்டத்தின் நடுவே அமைதியாக நின்றது, புதியவர் சொன்னதைக் கேட்டது, சமர்த்தாக வண்டி ஏறியது... இந்த நல்ல பெயர்தான் அதன் சொத்து. நாளை அதன் உரிமையாளருக்கு உடம்பு முடியாமல் போகலாம், வேலை போகலாம். அப்போது ‘இதை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று இன்னொருவரைச் சொல்லவைப்பது அந்த நல்ல பெயர்தான்.