பாணும் சட்டமும்

உள்ளூர் வணிகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தின் அதன் வளர்ச்சி தடைப்படும் என்னும் வாதம் பழையது. 19 ஆம் நூற்றாண்டின் இலண்டன் பேக்கரிகளின் வரலாறு இதனைப் பரிசோதிக்கத்தக்க களமாகும்.

1860 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் உணவுக் கலப்படத்துக்கெதிராகச் சட்டமியற்றியது. ஆயின், பகுப்பாய்வாளரை நியமிப்பது உள்ளூர் மன்றங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டமையால் அது ஏட்டளவில் நின்றது. 1862 இல் வெளியான ட்ரெமென்ஹியரின் அறிக்கை, பாணில் மாவுடன் படிக்காரமும் சிலந்தி வலையும் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருந்தமையை அம்பலப்படுத்தியது. (வியர்வை என்பது இங்கு உருவகமன்று.)

மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) இவ்வறிக்கையைக் கையாளும் முறை நுணுகி நோக்கற்பாலது. இலண்டன் பேக்கரி உரிமையாளருள் முக்காற்பங்கினருக்கு மேற்பட்டோர் உரிய விலையிலும் குறைத்து விற்றனர். அவ்விலை இரு வழிகளாற் சாத்தியமாயிற்று: ஒன்று கலப்படம், மற்றையது, தொழிலாளரிடம் கூலியின்றிப் பெற்ற இரவுநேர உழைப்பு. உரிய விலைக்கு விற்றவர்களே விசாரணை ஆணைக்குழுவின் முன் இதனை எடுத்துரைத்தனர். போட்டியின் நெருக்குதலே அவர்களைப் பேசவைத்தது எனலாம். கட்டுப்பாடற்ற சந்தையில் நேர்மையான வணிகனுக்கும் இடமில்லை என்பது அவர்தம் சாட்சியத்தாற் பெறப்படும்.

1863 ஆம் ஆண்டுச் சட்டம் பேக்கரியின் துப்புரவையும், 18 வயதுக்குட்பட்டோர் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வேலை செய்வதற்கான தடையையும் ஒருங்கே விதித்தது. குறைபாடுகள் பல இருப்பினும், இவ்விணைப்பு முக்கியமானது. எமது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பாணின் தூய்மையைக் கவனிக்கிறது. அதனைச் சுடுபவரின் வேலைநேரமோ தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. பேக்கரிக்கு உரிமம் வழங்கும் உள்ளூராட்சி மன்றம் இவ்விரண்டையும் ஒரே வேளையில் வினவுதல் வேண்டும்.