நீரிழிவும் உடனுறை நோய்களும்

பழைய மாணவர் ஒன்றுகூடும்போது முன்னெல்லாம் நாம் பேசியன கிரிக்கெற் ஆட்டமும் ஆசிரியர்தம் பிரம்படியுமே. இன்று பேசுவன குளிசைகளைப் பற்றியே. அறுபதைக் கடந்த தோழர் பலரின் சட்டைப்பையில் ஒரு குளிசைப்பெட்டி உண்டு. ஆதலின் இவ்விழா மலருக்குக் கட்டுரை எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பெருமைகளை ஏனையோர்க்கு விட்டு, யாம் நீரிழிவைப் பற்றி எழுதத் துணிந்தோம். நம்மூரார் சலரோகம் எனவும் சித்த நூலார் மதுமேகம் எனவும் வழங்குவது இதனையே.

இந்நோய் முதியோரிடம் தனித்து உறைதல் அரிது. இரத்தத்தில் மிக்க குளுக்கோசு நெடுங்காலம் நிற்பின் கண், சிறுநீரகம், நரம்பு என்பவற்றின் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதுறும். இருதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் பெருங்குழாய்கள் தடித்து ஒடுங்கும். உயர்ந்த இரத்த அழுத்தம் தாக்குவதும் அக்குழாய்களையே. பழுதுற்ற சிறுநீரகமோ அழுத்தத்தை மேலும் ஏற்றும். இவை யாவரும் அறிந்தவை. அறியாதது யாதெனின், ஒரு நோயின் மருந்து மற்றொரு நோயாளிக்குப் போலன்றி இத்தகையோர்க்கு வேறுவிதமாய் வேலை செய்யும் என்பது.

எம் வகுப்புத் தோழர் ஒருவர், எழுபத்தோராண்டினர், நீரிழிவுக்கு ஒரு வைத்தியரையும் அழுத்தத்துக்கு வேறொருவரையும் பார்த்து வந்தார். முன்னவர் தந்தது கிளிபென்கிளமைட். பின்னவர் தந்தது அற்றெனலோல். முழங்கால் நோவுக்கு அவர் எவரையும் கேட்டிலர்; கடையில் டைகுளோபினக் வாங்கி இரு மாதம் விழுங்கினார். அது நோவைத் தணித்தது. ஓசையின்றிச் சிறுநீரகத்தையும் தளர்த்தியது. தளர்ந்த சிறுநீரகம் கிளிபென்கிளமைட்டை விரைந்து வெளியேற்றமாட்டாது. மருந்து உடலில் தேங்கிற்று. அந்நிலையில் கந்தசஷ்டி வந்தது. தோழர் உணவை விட்டார், குளிசையை விட்டாரில்லை.

மூன்றாம் நாள் இரவு பேச்சுக் குழறியது. மக்களையே அடையாளங் கண்டிலர். வீட்டார் பாரிசவாதம் என்று அஞ்சி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். விரலிற் குத்திப் பார்க்கையில் குருதிச் சீனி 34 மில்லிகிராம் மட்டுமே. 70க்குக் கீழ் இறங்குவதே தாழ்வு. நாளத்தின் வழியே குளுக்கோசு ஏற்றக் கண் விழித்தார். ஆயினும் தேங்கிய மருந்தினால் சீனி மீண்டும் இறங்கியமையின் இரு நாள் அங்கேயே வைத்துக் காத்தனர்.

சீனி குறையுங்கால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இவை உடல் அடிக்கும் அபாய மணி. அற்றெனலோல் போன்ற மருந்துகள் அம்மணியின் ஓசையை அடக்கிவிடும். வியர்வையை மட்டும் அவை பெரும்பாலும் மறைப்பதில்லை. அன்று மாலை சட்டை நனைந்திருந்ததை அவர்தம் மனைவியார் கண்டார், பொருள் தெரிந்திலர். தெரிந்திருப்பின் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து வைத்தியசாலைக்கு விரைந்திருப்பார். நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

சீனியை எவ்வளவு குறைத்தாலும் நன்மையே என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நீரிழிவாளரைக் கொண்டு நடந்த 'அக்கோட்' ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. அவர்கள் இருதய நோய் உடையோர் அல்லது அதற்கு அணித்தாயிருந்தோர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6 வீதத்துக்குக் கீழ் இறக்க முயன்ற பிரிவில் 257 பேர் இறந்தனர். அத்துணைக் கடுமையற்ற பிரிவில் 203 பேரே. 2008இல் அக்கடும் முறை இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வோ, நீரிழிவாளர் அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தியபோது பாரிசவாதம் 44 வீதம் குறைந்ததைக் காட்டிற்று. பல நோயுடைய முதியவர்க்கு 8 வீதத்தை அண்டிய எச்பிஏ1சி போதுமென இன்று வைத்தியர் பலர் கொள்வதும், அழுத்தத்தில் விழிப்பாயிருப்பதும் இதனாலேயே.

வேறு சில கண்ணிகளும் உள. ஈளைக்கும் மூட்டு வீக்கத்துக்கும் தரும் பிரட்னிசொலோன் சீனியை ஏற்றும். மெற்போமினை நெடுங்காலம் உண்போர்க்கு விற்றமின் பி12 குறையலாம். காலெரிவை நீரிழிவின் மேலேயே சுமத்திவிடாது அதனையும் சோதித்தல் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இளநீரின் பொற்றாசியம் கேடு, காமரங்காயோ நஞ்சே. சீனிக்கு மருந்தென்று அதன் சாற்றைப் பருகுவோர்க்கு இதனை அழுத்திச் சொல்கின்றோம்.

எம் தோழர் இப்போது எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துள்ளார். எந்த வைத்தியரிடஞ் சென்றாலும், கடைக்குச் சென்றாலும், முதலில் நீட்டுவது அத்தாளையே. கிளிபென்கிளமைட்டும் அற்றெனலோலும் மாற்றப்பட்டன. முழங்காலுக்குப் பரசிற்றமோலும் ஒரு கைத்தடியும். சஷ்டிக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரைக் கண்டு வேளையும் அளவும் கேட்டு வருகிறார். பனங்கட்டியை மட்டும் இன்னும் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்பது அவர்தம் மனைவியார் கூற்று.